கண்ணாடிக் குடத்தில் இருக்கும் பவுனக்காவுக்கு

என் பிரியத்துக்குரிய, இப்போது என்னைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிற பவுனக்கா,

உன் தம்பி ஏழுமலை எழுதுகிறேன். எதிரிலேயே இருக்கிறவளுக்கு எதற்கடா கடுதாசி என்று கேட்பாய். வாயால் கூப்பிடப் பயமாக இருக்கிறது அக்கா. கூப்பிட்டு, நீ "இன்னாடா" என்று கேட்டுவிட்டால் நான் என்ன செய்வேன்?

கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் ரோட்டில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்கு இப்போது நான்தான் மேனேஜர். வாட்ச்மேன் என்று சிலர் சொல்வார்கள், நம்பாதே. சாவிக்கொத்து என் இடுப்பில்தான் தொங்குகிறது. ஜெனரேட்டர் என் பேச்சைத்தான் கேட்கும். ஜனங்கள் மத்தியானச் சோற்றுக்குப் போயிருக்கிறார்கள். வாசல் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கிருந்து பார்த்தால் மணமேடை தெரிகிறது. மேடை நடுவில் நீ.

எழுதி முடித்ததும் இதைப் போட்டோ பிடித்து நம் சொந்தக்காரர்கள் வாட்சப் குரூப்பில் போடப் போகிறேன். நேரில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லாத ஒரு சேதி கடைசியில் வருகிறது. உன்னிடம் சொல்கிற மாதிரி சொன்னால் உன் நாத்தனார் அஞ்சலைகூட குறுக்கே பேசாமல் கேட்பாள் அல்லவா?

முதலில் நல்ல சேதி. நீ தலையில் கனகாம்பரத்தோடு போய்ச் சேர்ந்தபோது உன் மகள் சங்கீதா காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு முடிந்து மெட்ராசில் ஒரு பட்டறையில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரிக்கும் ஆராய்ச்சிக்கும் கண்ணாடிக் குடுவை ஊதித் தருகிற பட்டறை. நானே போய்ப் பார்த்தேன். நெருப்பு இரண்டு ஆள் உயரம் எரிகிறது. முறைக்காதே, ஒரு முழம் என்று வைத்துக்கொள். அதில் கண்ணாடிக் குழாயைக் காட்டுகிறாள், அது வெல்லப்பாகு மாதிரி தொங்குகிறது, உடனே வாயில் வைத்து ஊதி உருட்டுகிறாள். கையில் எத்தனை சூட்டுத் தழும்பு தெரியுமா? எண்ணினால் அழுவாய், அதனால் நான் எண்ணவில்லை.

வேலை முடிந்த பிறகு பட்டறையிலேயே இருந்து தன் இஷ்டத்துக்கு ஏதேதோ செய்ய ஆரம்பித்திருக்கிறாள். அதற்கு சர்ரியலிசம் என்று பெயராம். எட்டாவதைத் தாண்டாத உன் தம்பிதான் ஊருக்கெல்லாம் அதை விளக்கினேன். தூக்கத்தில் வருமே, செத்துப்போன மாடு பஸ்சில் ஏறி நம்மிடம் டிக்கெட் கேட்குமே, அதை முழித்திருக்கும்போதே செய்து காட்டுவதுதான் சர்ரியலிசம். காலேஜ் வாத்தியார் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மெட்ராசில் இரண்டு இடத்தில் வைத்தாள், பேப்பரில் வந்தது. ஆனால் சொந்த ஊரில் வைக்கவேண்டும் மாமா என்று ஒரே பிடிவாதம். இது மார்கழி, கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா பூட்டிக் கிடக்கிறது. ஓனரிடம் வெளிநாட்டுத் தூதர் வருகிறார் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன். தூதர் ஏன் வரவில்லை என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

வந்து பார்த்திருக்கவேண்டும் நீ. கண்ணாடியில் ஒரு பலாப்பழம். நீ மலையில் வாங்கிவந்து விற்பாயே, அதே முள்ளு, அதே பருமன். பிளந்த இடத்தில் சுளைக்குப் பதில் வரிசையாகக் காது. மேலே வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "இன்னும் பழுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ஒரு குடை, மழை அதற்கு உள்பக்கம் பெய்கிறது. ஒரு சைக்கிள், சக்கரக் கம்பிக்குப் பதில் மீன் முள். எல்லாம் கண்ணாடி. பெரிய வேன் வெளியே போனால் அத்தனையும் லேசாக முனகும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன்.

எல்லாவற்றையும் விட என்னைக் கலங்க வைத்தது அந்தக் குடம்தான்.

பெட்டியைப் பிரித்து வைக்கோலை எடுத்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். அசல் தண்ணீர்க் குடம். கழுத்து, வயிறு, உருண்டை அடி. சுத்தமான கண்ணாடி. ஆனால் வயிற்றுப் பக்கம், உள்ளேயிருந்து யாரோ தள்ளுகிற மாதிரி ஒரு கை வெளியே புடைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளங்கை, ஐந்து விரல். சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது, சின்ன வயதில் கருக்கரிவாள் பட்டு மடங்கிப்போன உன் சுண்டுவிரல் மாதிரி. மாதிரி என்ன, அதேதான். நான் வைக்கோலைக் கீழே போட்டுவிட்டேன். சங்கீதா சிரித்தாள். குடத்துக்கு அடியில் வைக்கிற அட்டையில் "கெளம்பறேன்" என்று எழுதியிருந்தாள். எனக்கு அப்போது புரியவில்லை.

இனி பயந்த கதை.

குரூப்பில் நான்தான் அழைப்பு போட்டேன். கண்காட்சி என்று போட்டால் யார் வருவார்கள்? "சங்கீதாவின் விழா, அனைவரும் வருக" என்று போட்டேன். போட்டதும் நம் ஜனம் சீர்த்தட்டோடு கிளம்பிவிட்டது. திருக்கோவிலூர்க்காரர்கள் வாழைத்தாரும், மணலூர்பேட்டைக்காரர்கள் கரும்புக்கட்டும் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் உள்ளே போய்ப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

திறக்கிற நாளான இன்று காலை, வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே, அஞ்சலை பம்பைக்காரரோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பூவாடைக்காரியை அழைக்காமல் எந்த நல்ல காரியமும் தொடங்கக்கூடாது என்றாள். உனக்குத் தெரியாததா? குரூப்பில் வெளியூர் மருமகன்கள் இருக்கிறார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். பூவோடும் பொட்டோடும் செத்துப்போன பெண்தான் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி. நல்ல காரியத்துக்கு முன்னால் தண்ணீர்க் கரைக்குப் போய், பம்பை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் குடத்துத் தண்ணீரில் வந்து இறங்குவாள். குடத்தைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து வீட்டில் இறக்கவேண்டும். வழியில் கீழே வைக்கக்கூடாது. தூக்கி வருகிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் கூடாது. காரியம் முடிந்ததும் தண்ணீரை ஓடுகிற நீரில் விட்டு வழியனுப்பவேண்டும்.

நம் வீட்டுப் பூவாடைக்காரி நீ. மார்கழியில் அழைக்கலாமா என்று கேட்டேன். "நீ மார்கழியில வெழா வைப்ப, நான் அழைக்கக் கூடாதா? போய்யா" என்றாள் அஞ்சலை. பித்தளைக் குடம் கையோடு கொண்டுவந்திருந்தாள். சங்கீதா அப்போது ஊரில் இல்லை. சென்னையில் கண்காட்சிக் கூடம் நடத்துகிற ஒரு அம்மா ரயிலில் வருகிறார் என்று காரை எடுத்துக்கொண்டு சின்னசேலம் ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள். அந்த அம்மாவுக்குப் பிடித்தால் சங்கீதாவையும் அவள் பொருளையும் வெளிநாட்டுக்கு அனுப்புவார். பெரிய உலை உள்ள இடத்தில் இரண்டு வருஷம் இருந்து வேலை செய்யலாம். அந்தப் பெண் அதற்காகத் தூங்கியே வெகுநாள் ஆகிறது.

மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொள்ள அஞ்சலைக்கு மண்டபத்தைத் திறந்துவிட்டு நான் டீக்கடைக்குப் போனேன். சென்னையிலிருந்து மந்திரி அளவுக்கு ஒரு அம்மா வருகிற விஷயத்தை டீக்கடையில் சொல்ல வேண்டாமா? சொல்லிவிட்டுத் திரும்பினேன். மேடையில், "கெளம்பறேன்" என்ற அட்டைக்குப் பின்னால், அஞ்சலையின் பித்தளைக் குடம் உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக் குடத்தைக் காணோம்.

வேட்டியை மடித்துக் கட்டினேன் அக்கா. ஓடினேன். கோமுகி அணையிலிருந்து வருகிற வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடுகிறது. தூரத்திலேயே பம்பைச் சத்தம் கேட்டது, உன் பேர் கேட்டது. "பவுனு, பவுனம்மா, பொறந்த வூட்டு வாசல் மறந்தியோ" என்று அவர் இழுக்கிற இழுப்பில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது காரியம் கைமீறிவிட்டது. குடத்தில் தண்ணீர் நிறைந்து, வாயில் வேப்பிலை செருகி, கழுத்தில் கனகாம்பரம் சுற்றி, அஞ்சலையின் தலையில் ஏறிவிட்டது. அவள் கண் மேலே போய்விட்டது. உடம்பு ஆடுகிறது. குடத்தில் இருந்த கை, தண்ணீர் புகுந்ததும், பருத்து, உயிர் வந்த கை மாதிரி என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது.

பிறகு ஏன் இந்தக் குடம் என்று கேட்டதற்கு அஞ்சலை சொன்ன பதில் இது. "பித்தளக் கொடத்துல அழைச்சாத்தான் வரணும். இதுல அவ ஏற்கெனவே கைய வெச்சிக்கினு கீறா. நான் வுட்டுட்டு வரவா?" இதற்கு நான் என்ன சொல்ல?

கீழே வை என்று சொல்ல முடியாது. கூப்பிடவும் முடியாது. பிடுங்கினால் இரண்டு பேருமே விழுவார்கள். குடம் உடைந்தால் சங்கீதாவின் பிழைப்பு போச்சு. அதற்குள் நீ இறங்கியிருந்தால், நீ ரோட்டில் கொட்டிப் போவாய். எது பெரிய பயம் என்று எனக்கே தெரியவில்லை. பம்பைக்காரர் காதில் போய், கொஞ்சம் கம்மி பண்ணு என்று கெஞ்சினேன்.

"மேனேஜரே, அடிய நிறுத்துனா இந்தம்மா அப்டியே உக்காந்துடும். ஏத்துனா குதிக்கும். இன்னா செய்யச் சொல்ற?"

"நடக்கிறாப்ல அடி. நடக்கிறாப்ல மட்டும் அடி."

அவர் நடக்கிறாற்போல அடித்தார். நான் அஞ்சலைக்குப் பின்னால், இரண்டு கையையும் விரித்து, குடம் சரிந்தால் பிடிக்கத் தோதாக, குனிந்துகொண்டே நடந்தேன். ரோட்டுக்கு ஏறியதும் எதிரே கரும்பு டிராக்டர்கள். ஆலை ஓடுகிற பருவம், உனக்குத் தெரியும். டிரெய்லருக்கு இரண்டு பக்கமும் கரும்பு ஈட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது, சரியாகக் குடத்தின் உயரத்துக்கு. ஐம்பது டிராக்டர் போயின. இல்லை, மூன்று. கடைசி டிராக்டரின் தோகை குடத்தின் மேல் சர்ரென்று உரசிக்கொண்டு போனது. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. வேட்டி நனைந்துவிட்டது. குடத்துத் தண்ணீர்தான். எவனாவது வேறு மாதிரி சொன்னால் நம்பாதே.

மண்டபத்து வாசலுக்கு நாங்களும் வந்து சேர்ந்தோம், சங்கீதாவின் காரும் வந்து நின்றது. அவள் இறங்கினாள். பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அத்தை" என்று கத்தப் போகிறாள், அஞ்சலை பொத்தென்று விழப் போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை அக்கா. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, அஞ்சலைக்கு மறுபக்கம், என்னை மாதிரியே கையை விரித்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் வந்ததும் ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, அது என் கொடம்."

"தெரியும்மா."

"ஆஸ்பத்திரிக் கண்ணாடிதான், சூடு தாங்கும். தட்டுனா தாங்காது."

"பேசாம நட."

படியில் அஞ்சலை நின்றுவிட்டாள். பிறந்த வீட்டுக்காரன் பூ கேட்கவேண்டும் என்றார் பம்பைக்காரர். வந்திருப்பது நீதானா என்று பார்க்க, முந்தியில் ஒரு பூவை முடிந்துவைத்து என்ன பூ என்று கேட்போமே, அந்த முறை. யாரோ என் துண்டில் ஒன்றை முடிந்து கொடுத்தார்கள். துண்டை நீட்டிக் கேட்டேன். கனகாம்பரம் என்று அஞ்சலையிடமிருந்து வேறொரு குரலில் பதில் வந்தது. அவிழ்த்தால் கனகாம்பரம். நீ கனகாம்பரத்தைத் தவிர வேறு பூ வைத்ததில்லை என்று நம் ஊர் ஆடு மாட்டுக்கும் தெரியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. பூவைத் துண்டோடு சேர்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்புறம் அஞ்சலை வாயிலிருந்து அந்தக் குரல் சொன்னது. "எனக்கு இந்த எடம் புடிச்சிருக்குது. இதுலயே இருந்துக்கறேன். என்ன வேற எங்கயும் அனுப்பாதீங்க."

நானும் சங்கீதாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குடத்தை இறக்கினோம். என்ன கனம். மேடையில் வைக்கோல் பிரிமணை போட்டு அதன்மேல் உட்காரவைத்தோம். அஞ்சலை சரிந்து உட்கார்ந்து சோடா கேட்டாள். தான் சொன்னது எதுவும் அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதும் அதையே பிடித்துக்கொண்டாள்.

சென்னை அம்மா இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்திருக்கிறார். எல்லாப் பொருளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் குடத்துக்கு முன்னால் நின்றார், அங்கேயே நின்றார். பிறகு சங்கீதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீயும் இந்தக் குடமும் போகிறீர்கள், மற்றதெல்லாம் பின்னால் வரட்டும், நாளை மத்தியானம் லாரி வரும், தண்ணீரை மட்டும் எடுத்துவிடு என்றார். சங்கீதா என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் முகத்தில் நீ போன பிறகு நான் பார்த்ததே இல்லை. இதில் ஒரு வார்த்தைகூட ஒட்டுப் போடவில்லை.

அஞ்சலை எழுந்தாள். "உங்கம்மாள பொட்டியில போட்டு லாரியில ஏத்தப் போறியா?"

"அம்மா அதுல இல்ல அத்தை. அது நான் செஞ்ச கொடம்."

"இல்லன்னா அப்ப எதுக்குடி கைய வெச்ச?"

சங்கீதா குடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அஞ்சலை அதைச் சொன்னாள். அவள் கெட்டவள் இல்லை அக்கா. உனக்குப் புடவை துவைத்துப் போட்டவள், நீ போனபோது முதலில் மயங்கி விழுந்தவள். ஆனாலும் சொல்லிவிட்டாள். "இருந்துக்கறேன்னு சொன்னவள எந்தக் கை சாய்ச்சு வுடுதோ, அந்தக் கை வெளங்காது."

பெண்களெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சங்கீதா தன் கையைப் பார்த்தாள். அவளுக்கு நம்பிக்கை கிடையாது, படித்தவள். ஆனாலும் பார்த்தாள். நான் பார்த்ததை அவள் கவனித்ததும் கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டாள்.

உன் வீட்டுக்காரர் வந்தார். அவர்தான் எப்போதும் பேசமாட்டாரே. குடத்துக்கு முன்னால் நின்று, தன் உள்ளங்கையை அந்தக் கண்ணாடிக் கையோடு பொருத்தி வைத்தார். பிறகு வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். என்ன நினைக்கிறீர்கள் மாமா என்று கேட்டேன். ஜில்லுனு இருக்குதுடா என்றார்.

நான் சங்கீதாவைத் தனியாக, சமையல் கட்டுப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். எதுக்கும்மா அந்தக் கை?

"சின்ன வயசுல பெரியப்பா வூட்டு அக்கா கல்யாணத்துல பூவாடைக் கொடத்த வூட்டுல வெச்சிருந்தாங்க மாமா. உள்ள இருக்கறவங்களுக்கு மூச்சு முட்டாதான்னு அம்மாகிட்ட கேட்டேன். முட்டும், அதான் சீக்கிரம் அனுப்பிடுவோம்னு சொல்லுச்சு." உள்ளங்கையை முன்னால் தள்ளிக் காட்டினாள். "அது வெளிய தள்ற கை மாமா. எங்கம்மா எந்த வூட்லயாச்சும் இருந்துக்கறேன்னு சொல்லியிருக்குதா? உன் வூட்டுக்கு வந்தாக்கூட வாசல்ல நின்னுக்கினே, கெளம்பறேன் கெளம்பறேன்னுதான சொல்லும்?"

நிஜம்தானே அக்கா? புளியும் கடுக்காயும் வாங்க வாரத்துக்கு ஒரு தடவை மலைக்கு ஏறுவாய். பஸ் வரவில்லை என்றால் நடந்தே ஏறுவாய். என் வீட்டில் ஒரு வாய் காப்பி குடிக்க உன்னை உட்காரவைக்க என்னால் முடிந்ததில்லை. கூடையை இறக்கி வைக்காமலே பேசிவிட்டுப் போவாய். அப்படிப்பட்டவள் ஒரு குடத்துக்குள் இருந்துக்கறேன் என்று சொன்னாயா? அல்லது உன்னை விடமனசில்லாமல் அஞ்சலையின் மனசு சொன்னதா? எனக்கு எப்படித் தெரியும்? நான் எட்டாவது.

"நானே ஊத்திடறேன் மாமா. வெளங்காத கையோட இருந்தா இருந்துட்டுப் போறேன்" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை மறுபடி துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

இப்போது மண்டபத்தில் நீயும் நானும். வெளியே பஸ் போகும்போதெல்லாம் குடத்துத் தண்ணீர் அசைகிறது. அசையும்போது விரல் அசைகிறது. மேலே ஜன்னலிலிருந்து வெயில் விழுந்து, அந்தக் கையின் நிழல் தண்ணீர் நிறத்தில் மேடைப் படியில் இறங்கி வந்துகொண்டிருக்கிறது. எழுத ஆரம்பித்தபோது முதல் படியில் இருந்தது. இப்போது தரைக்கு வந்துவிட்டது. வெயில் நகர்கிறது, அவ்வளவுதான், எனக்குத் தெரியும். ஆனாலும் ரூம் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். சாத்தினால் நீ கோபித்துக்கொள்வாயோ என்று சாத்தாமல் இருக்கிறேன்.

சேதி இதுதான். அஞ்சலை, குரூப்பில் படிக்கிறவளே, நீயும் கேட்டுக்கொள்.

நாளைக்குக் காலையில், வெயில் ஏறியதும், குடத்தைக் குட்டியானை வண்டியில் வைக்கோல் மெத்தை போட்டு ஏற்றி, நான் மடியில் பிடித்துக்கொண்டு கோமுகி அணைக்குப் போகிறேன். மலைப் பாதை தொடங்குகிற இடத்தில், ஓடுகிற தண்ணீரில், என் கையால் சாய்க்கப் போகிறேன். சங்கீதாவை வண்டியைவிட்டு இறங்கவிடமாட்டேன். பிறந்த வீட்டுக்காரனுக்கு அழைக்கிற உரிமை இருக்கிறது என்றால் அனுப்பிவைக்கிற உரிமையும் இருக்கிறது. வெறும் குடமாகக் கழுவித் துடைத்து அவள் கையில் கொடுப்பேன். மத்தியானம் லாரி வரும்.

கை விளங்காமல் போகவேண்டும் என்றால் என் கை போகட்டும். இது எந்த வேலையும் கற்றுக்கொள்ளாத கை. அந்தப் பெண்ணின் கை அப்படிப்பட்டது இல்லை. நீ பெற்றவள், உனக்குத் தெரியாததா? கோபம் இருந்தால் நேராக என்னிடம் வா. வழி தவறி அவளிடம் போய்விடாதே.

இதை எழுதும்போதே விரல் நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஊரில் யாராவது கேட்டால் ஏழுமலை சிங்கம் மாதிரி ஊற்றினான் என்றுதான் சொல்வேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. மளாரென்று கொட்டமாட்டேன். மெதுவாகத்தான் சாய்ப்பேன். கடைசிச் சொட்டு போகும்வரை குடத்தை நிமிர்த்தமாட்டேன், கையையும் எடுக்கமாட்டேன். நீ எனக்கு ஒன்றே ஒன்று செய். போக மனசு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எந்த அடையாளமும் காட்டாதே. குடம் அதிரவேண்டாம், காற்று வீசவேண்டாம், பூ எதிர்த்து மிதந்து வரவேண்டாம். நீ பேசாமல் போய்விட்டால் உன் தம்பி அழுவான். ஆனால் கை நடுங்காமல் பிடித்திருப்பான்.

உன் கூடப் பிறந்தவன்,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
ஏழுமலை